வாய்க்கட்டும் வாய்மொழித் தேர்வும்

செய்தி வந்தபோது பகல் இரண்டே கால் மணி. சாப்பாட்டு இடைவேளை முடிந்து முதல் மணி அடித்து, பையன்கள் தண்ணீர்த் தொட்டியை விட்டு மனமில்லாமல் வகுப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். டிரில் மாஸ்டர் சுந்தரராஜ் ஆஸ்பத்திரியிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினார். இறங்கியவர் சைக்கிளை நிறுத்தவில்லை. கையில் பிடித்தபடியே தலைமையாசிரியர் அறை வாசலில் நின்றார். பூகோள ஆசிரியர் சிவனணைந்தபெருமாள் போய்விட்டார். விஷ ஜுரம். 1949ஆம் வருஷம், கார்த்திகை மாதம். வயது முப்பத்தொன்பது.

முதல் பாரம் என்கிற ஆறாம் வகுப்புப் பையன்கள் விடுமுறை என்ற சொல்லை மட்டும் கேட்டுவிட்டு ஓவென்று கத்தினார்கள். காரணம் தெரிந்ததும் கத்திய வாயை என்ன செய்வது என்று தெரியாமல் புத்தகப் பையைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மேல் வகுப்புகள் மைதானத்தில் வரிசையாக நின்றன. தலைமையாசிரியர் நாலு வார்த்தை பேச எழுந்தார். இரண்டு வார்த்தையோடு உட்கார்ந்துவிட்டார். துக்கம் தாங்காமல்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அது பாதிதான் உண்மை. சிவனணைந்தபெருமாளைப் பற்றி எந்த இடத்தில் தொடங்கினாலும் சிரிப்பு வந்துவிடும் என்ற பயம் மீதிப் பாதி.

அவர் பிறந்தது ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே ஓர் ஆற்றங்கரை ஊரில். நாலு பக்கமும் நெல்வயல், நடுவில் தாமிரபரணி. அக்கரையில் யார் துணி துவைக்கிறார்கள் என்று இக்கரையிலிருந்தே பார்த்துச் சொல்லிவிடலாம். தண்ணீர் என்றால் அவருக்கு அதுதான். பி.ஏ. முடித்து வேலைக்காகத் தூத்துக்குடிக்கு வந்தபோதுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார். பார்த்த அன்றே அதற்கு முதுகைக் காட்டிவிட்டார். எதிர்க்கரை இல்லாத தண்ணீரை அவர் நம்பவில்லை. ஐந்து மகாசமுத்திரங்களையும் பிரம்பு நுனியால் தொட்டுக் காட்டிப் பாடம் நடத்துவார். பள்ளிக்குப் பின்னாலேயே கிடந்த கடலில் ஒருநாளும் கால் நனைத்ததில்லை.

நல்ல வாத்தியார்தான். ஆனால் உயர்நிலைப் பள்ளியில் நிரந்தரமாக இருக்க பி.ஏ. மட்டும் போதாது. அதற்கு மேல் பி.டி. என்கிற ஆசிரியர் பயிற்சிப் பட்டம் வேண்டும். இதற்காக 1941இல் மனைவி சண்முகவடிவைத் தூத்துக்குடியிலேயே விட்டுவிட்டுச் சைதாப்பேட்டைக்குப் போனார்.

பி.டி. வாங்குவது என்பது படித்துத் தேறுவது மட்டும் அல்ல. மனோதத்துவம், போதனாமுறை, பள்ளி நிர்வாகம் என்று எழுத்துப் பரீட்சை ஒரு பக்கம். மற்றவர் நடத்தும் பாடத்தை உட்கார்ந்து கவனிக்கவேண்டும். தான் நடத்தும் பாடத்தை மற்றவர்கள் பின் பெஞ்சில் உட்கார்ந்து குறை சொல்லக் கேட்கவேண்டும். கரும்பலகையில் கோணாமல் எழுதவேண்டும். முதலுதவி தெரிந்திருக்கவேண்டும். எல்லாம் முடிந்தபிறகு வெளியிலிருந்து வரும் பரிட்சகர் முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்டி, கடைசியில் அவர் கேட்கும் கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்லவேண்டும். இந்தக் கடைசிப் படி ஏறினால்தான் பட்டம்.

சிவனணைந்தபெருமாள் எழுத்துப் பரீட்சையை நன்றாக எழுதினார். செய்முறைத் தேர்வுக்குத் தேதி குறித்தார்கள். அதற்குள் ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று பட்டணமே காலியாயிற்று. மனிதர்கள் அண்டா குண்டாவோடு ரயில் ஏறினார்கள். சிவனணைந்தபெருமாளும் உலக உருண்டையை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாம் வகுப்பில் ஊர் வந்து சேர்ந்தார்.

இப்படி அரைப் பட்டத்தோடு வந்தவர் வீட்டுக்கு ஒரு பழக்கத்தையும் கொண்டுவந்தார். எந்தப் பாடத்தையும் ஐந்து படிகளாக நடத்தவேண்டும் என்பது சைதாப்பேட்டை வேதம். முதல் படி ஆயத்தம்: சொல்ல வந்ததை நேரே சொல்லிவிடக் கூடாது, மாணவனுக்குத் தெரிந்ததிலிருந்து கேள்வி கேட்டு அவனையே அங்கே கொண்டுவந்து நிறுத்தவேண்டும். இலை முன்னால் உட்கார்ந்து சாப்பிடும்போது, “வடிவு, பசு நமக்கு என்னென்ன தருகிறது?” என்று தொடங்குவார்.

“சாணியும் தருது. உங்களுக்கு மோர் வேணுமா, வேண்டாமா?” என்பாள் சண்முகவடிவு.

பல்கலைக்கழகத்திலிருந்து தகவல் வந்தது. பட்டணம் கலைந்ததில் செய்முறைத் தேர்வு நின்றுபோனவர்கள், அவரவர் வேலை பார்க்கும் பள்ளியிலேயே பரிட்சகர் முன்னால் பாடம் நடத்தித் தேறிக்கொள்ளலாம். சலுகைதான். ஆனால் பள்ளி நிர்வாகம் தன் பங்குக்கு ஒரு கெடு வைத்தது. இந்தப் படிப்பு வருஷம் முடிவதற்குள் தேறினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஏற்கெனவே பயிற்சி முடித்த ஒருவருக்கு இடம்.

அந்த ஒருவர் யார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். நாசரேத்துக்காரர் சுந்தர்சிங். கையில் பட்டத்தோடு தயாராக இருந்தார். அதோடு தங்கமான மனிதர். அதுதான் தாங்க முடியவில்லை. தூத்துக்குடிக்கு வரும்போதெல்லாம் பள்ளிக்கு வந்து சிவனணைந்தபெருமாளின் உடம்பை அக்கறையாக விசாரிப்பார். “சாருக்குக் கடல் காத்து ஒத்துக்கிடுதா?” என்று கேட்டுக்கொண்டே வகுப்பறை ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவார்.

மாசி மாதம் பரிட்சகர் வரும் நாள் குறித்துத் தலைமையாசிரியருக்குத் தபால் வந்தது. வருகிறவர் மதுரையிலிருந்து வரும் ராமாநுஜாச்சாரி. அவர் பெயரைக் கேட்டதும் ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பாடம் நடத்துவதில் அவர் குறுக்கிடமாட்டார். வாய்மொழித் தேர்வில்தான் ஆளைப் பிடிப்பார். நாம் சொல்லும் பதிலிலிருந்தே அடுத்த கேள்வியை எடுப்பாராம். திருநெல்வேலியில் ஒருவர் அவருடைய மூன்றாவது கேள்விக்குத் தன் பெயரையே மாற்றிச் சொல்லிவிட்டாராம். கோவில்பட்டிக்காரர் ஒருவர் பாதியில் எழுந்து போய், பிறகு மளிகைக் கடை வைத்துவிட்டாராம். இதையெல்லாம் சிவனணைந்தபெருமாள் இரவுச் சாப்பாட்டில் சொன்னார். சொன்னவர் மோரைக் கேட்கவும் மறந்துவிட்டார்.

புருஷன் ஆயத்தக் கேள்வி ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டு எழுந்ததைச் சண்முகவடிவு பார்த்தாள். மறுநாள் அடுத்த வீட்டு மெட்டில்டாவிடம் சொல்லி அழுதாள்.

மெட்டில்டா கடற்கரைக்காரி. எதற்கும் கலங்காதவள். முழுக்கக் கேட்டுவிட்டு, “ஏளா, அந்த மனுசன் வாயைக் கட்டணும், அவ்வளவுதான? எங்க கயித்தான் மாமா எதுக்கு இருக்காரு?” என்றாள்.

கயித்தான் பர்னாந்து கடல்கட்டி. முத்துக்குளிப்பு நடக்கும் காலத்தில் குளியாட்கள் கடலுக்குள் இறங்குவதற்கு முன், சுறாக்களின் வாயை மந்திரத்தால் கட்டிவைப்பது அந்தக் குடும்பத்தின் உரிமை. கட்டு இல்லாமல் ஒரு குளியாளும் தண்ணீரில் கால் வைக்கமாட்டான். கட்டியவர் தண்ணீர் நிறைந்த பித்தளை வட்டா முன்னால் பட்டினியாக உட்கார்ந்திருப்பார். ஆட்கள் அத்தனை பேரும் மேலே வந்தபிறகுதான் கட்டை அவிழ்ப்பார். கூலி, ஆளுக்கு ஒரு சிப்பி.

ஆனால் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்று பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. கயித்தான் சங்கு அடுக்கிவைக்கும் ஒரு கிட்டங்கியில் காவலுக்கு இருந்தார். கட்டுவதற்கு வாய் ஒன்றும் கிடைக்காமல் கை ஊறிக்கொண்டிருந்த மனிதரிடம் இரண்டு பெண்கள் போய், மதுரையிலிருந்து ஒரு வாய் வருகிறது என்றார்கள். அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான். கடலில் இருப்பதா, கரையில் இருப்பதா? கரையில் என்றதும், “அப்பம் லேசு” என்றாராம்.

இது எதுவும் சிவனணைந்தபெருமாளுக்குத் தெரியாது.

பரீட்சைக்கு முதல் நாள் மாலையே ராமாநுஜாச்சாரி வந்து சேர்ந்தார். வாடைக் காற்றில் கடற்கரையில் உலாவினார். சாலையோரம் பதநீர் விற்கிறவனைப் பார்த்தார். மதுரையில் இப்படிக் கிடைக்காது என்று ஓலைப் பட்டையில் வாங்கி ஒன்றுக்கு மூன்றாகக் குடித்தார். மறுநாள் காலை பள்ளிக்குக் கழுத்தில் கம்பளித் துண்டோடு வந்தார். தலைமையாசிரியர் வணக்கம் சொன்னார். பரிட்சகர் வாயைத் திறந்தார். காற்று வந்தது, சத்தம் வரவில்லை.

சிவனணைந்தபெருமாள் கழுத்துவரை பித்தான் போட்ட கோட்டும் சரிகை அங்கவஸ்திரமுமாக நாலாம் பாரத்தில் பருவக்காற்றைப் பற்றிப் பாடம் தொடங்கினார். பின் பெஞ்சில் பரிட்சகர். பாடம் பிரமாதமாகப் போயிற்று. ஒரே ஒரு கோளாறு: அந்தப் பாடத்தை அதே பையன்களுக்கு ஏற்கெனவே பலமுறை நடத்திப் பார்த்திருந்தார். ஆகவே அவர் கேள்வியின் பாதியில் இருக்கும்போதே பதில் வந்துவிட்டது. “கோடைகாலத்தில் நிலம்…” என்றார். “சூடேறிக் காற்று மேலெழும்புகிறது ஐயா” என்றது வகுப்பு. “அப்போது…” என்றார். “கடலிலிருந்து” என்றது. ராமாநுஜாச்சாரி ஒரு துண்டுத் தாளில் எழுதித் தலைமையாசிரியரிடம் நீட்டினார். ‘இவர்கள் மாணவர்களா, தீர்க்கதரிசிகளா?’

இருந்தாலும் பாடத்துக்கு மார்க் போட்டுவிட்டார். அதற்கப்புறம்தான் சங்கடம். இரண்டாவது தாளில் எழுதினார்: ‘வாய்மொழித் தேர்வு நடத்த இயலாது. வாய் இல்லை.’

தலைமையாசிரியர் பதறிப்போய், கேள்விகளை எழுதிக் கொடுத்தால் இவர் வாயால் பதில் சொல்லிவிடுவாரே என்று கேட்டுப் பார்த்தார். ராமாநுஜாச்சாரி விதிக்குக் கட்டுப்பட்டவர். வாய்மொழி என்றால் இரண்டு பக்கமும் வாய்மொழி என்று எழுதி அடிக்கோடும் போட்டார். மாலை வண்டிக்குள் குரல் வந்தால் நடத்தலாம். வராவிட்டால் தேர்வு முற்றுப்பெறவில்லை என்று எழுதவேண்டியதுதான். அடுத்த தேர்வு அடுத்த வருஷம்.

அடுத்த வருஷம் என்றால் சுந்தர்சிங். சிவனணைந்தபெருமாள் வராந்தாவுக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடிக்கிற வாய்க்குப் பயந்து பல நாள் தூங்காத மனிதர், இப்போது அந்த வாய் திறக்காதா என்று ஏங்கினார்.

அந்த நேரம் பார்த்துச் சண்முகவடிவு தூக்குச் சட்டியில் சாப்பாடு கொண்டுவந்தாள். கூடவே மெட்டில்டா. புருஷனின் முகத்தைப் பார்க்காமலே, “என்னங்க, வந்தவருக்குப் பேச்சு நின்னுட்டா?” என்று ஆவலாகக் கேட்டாள்.

நின்றுவிட்டது உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மெட்டில்டா எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது மாமாவின் தொழில் சுத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டாள்.

சிவனணைந்தபெருமாள் பி.ஏ. நிமிர்ந்து நின்றார். மந்திரத்துக்கும் தொண்டைக்கும் சம்பந்தமில்லை என்றார். குளிர்ந்த பதநீரும் வாடைக் காற்றும் குரல்வளையை என்ன செய்யும் என்று விளக்கினார். படித்தவர் வீட்டில் இப்படி ஒரு மூடநம்பிக்கையா என்று கேட்டார். ஐந்து படிகளில் நாலு படி ஏறிவிட்டார். ஐந்தாவது படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, “அவர் வீடு எங்கே இருக்கு?” என்றார்.

கயித்தானின் வீடு கடலை ஒட்டி இருந்தது. கதவைப் பாதி சாத்திக்கொண்டு உள்ளே பித்தளை வட்டா முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. பதினைந்து வருஷத்துக்குப் பிறகு கிடைத்த வேலை என்பதால் முகத்தில் ஒரு களை இருந்தது. சிவனணைந்தபெருமாள் வாசற்படியில் நின்று, கட்டை அவிழ்த்துவிடுமாறு கேட்டார்.

“ஆளுக எல்லாம் மேல வந்தாச்சா?” என்று கயித்தான் வட்டாவிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

“ஒரே ஆள்தான் அண்ணாச்சி. நான்தான்.”

“நீரு மேல வந்தாச்சா?”

சிவனணைந்தபெருமாளுக்குப் பொய் சொல்ல வராது. “பாதி வந்திருக்கேன்” என்றார்.

“பாதியில நிக்கவன விட்டுட்டுக் கட்டை அவுத்தா கடி வாங்குறது யாரு? நீரு. பேரு கெடுறது யாருக்கு? எனக்கு. எங்க பாட்டன் காலத்துல இருந்து ஒரு ஆளைப் பறிகொடுத்தது கெடையாது, பாத்துக்கிடும்.”

அந்த வாய் திறந்தால்தான் தனக்கு வேலை என்று சிவனணைந்தபெருமாள் எடுத்துச் சொன்னார். அது நாலு கேள்வி கேட்கவேண்டும். அதற்குத் தான் பதில் சொல்லவேண்டும். கயித்தான் முதன்முறையாகத் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார்.

“கடி வாங்கணும்னு கேட்டு வந்த முத ஆளு நீருதான் வாத்தியாரே.”

அப்படியானால் கட்டைக் கொஞ்சம் தளர்த்தியாவது விடமுடியுமா, கோபமான கேள்விகள் மட்டும் வராமல் இருக்கிற மாதிரி, என்று சண்முகவடிவு கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். பாதிக் கட்டு என்று ஒரு கட்டு கிடையாது என்று கயித்தான் சொல்லிவிட்டார். கட்டினால் கட்டு, அவிழ்த்தால் அவிழ்ப்பு.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மெட்டில்டா பொறுமையிழந்தாள். “மாமா, அங்கன ரயிலு கெளம்பப் போகுது. அவுக்கதுக்கு வழியச் சொல்லும்” என்றாள்.

கயித்தான் யோசித்தார். வழி ஒன்று இருந்தது, ஒரே வழி. குளியாள் தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கி, ஈரத்தோடு வந்து, நான் மேலே வந்துவிட்டேன் என்று தன் வாயால் சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் கட்டு அவிழ்க்கலாம். அதற்கப்புறம் கடித்தால் கடல்கட்டிக்குப் பொறுப்பில்லை.

“நான் தண்ணிக்குள்ள போகவே இல்லையே” என்றார் சிவனணைந்தபெருமாள்.

“அப்பம் போயிட்டு வாரும்.”

அவர் கடலைத் திரும்பிப் பார்த்தார். எதிர்க்கரை அன்றைக்கும் இல்லை. சண்முகவடிவு அவர் கையிலிருந்த பிரம்பை வாங்கிக்கொண்டாள். கோட்டைக் கழற்றிவிட்டுப் போகலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. பரீட்சைக்குப் போகிற மனிதர் கோட்டோடுதான் போவார்.

தூத்துக்குடிக் கடல் கரையோரத்தில் ஆழமில்லாதது. சிவனணைந்தபெருமாள் நடந்தார், நடந்தார். தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை. அங்கவஸ்திரத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீர் வரும்வரை இன்னும் உள்ளே போனார். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ சரணடையப் போகிறார்கள் என்று தோன்றும். வட்டாவை விட்டு வாசலுக்கு வந்து நின்ற கயித்தானுக்குப் பசி தாங்கவில்லை.

“ஆழம் தேடாதேயும் வாத்தியாரே. அங்கனயே உக்காரும்” என்று கத்தினார்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். கடல் தலைக்கு மேல் போயிற்று. எழுந்தபோது வாயெல்லாம் உப்பு. ஓடிவந்து, மணலில் நின்று, உலக உருண்டையைக் காட்டிப் பாடம் சொல்லும் அதே குரலில், “நான் மேல வந்துட்டேன்” என்றார். கயித்தான் வீட்டுக்குள் போய் ஏதோ முணுமுணுத்து வட்டாத் தண்ணீரை வாசலில் கொட்டினார்; கொட்டிவிட்டு மெட்டில்டாவிடம் சோறு எங்கே என்று கேட்டார்.

ஸ்டேஷன் வரைக்கும் ஈரக் கோட்டோடு ஓடினார் சிவனணைந்தபெருமாள். கடைத்தெருவில் நிறைய பேர் எழுந்து நின்று பார்த்தார்கள். மணியாச்சி வண்டி கிளம்பத் தயாராக நின்றது. இரண்டாம் வகுப்பு ஜன்னலோரத்தில் ராமாநுஜாச்சாரி சுடச்சுடச் சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அது நாலாவது டம்ளர். பக்கத்தில் பிளாட்பாரத்தில் தலைமையாசிரியர் ஐந்தாவது டம்ளரோடு நின்றார். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஓர் உருவம் வந்து ஜன்னல் முன்னால் வணங்கி நின்றதும் பரிட்சகர் திடுக்கிட்டார்.

“ஏன் இப்படி நனைஞ்சிருக்கீர்?” என்றார்.

குரல் பழைய கதவு திறப்பதுபோல இருந்தது. ஆனால் குரல்தான். தலைமையாசிரியர் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டு, சார் பேசிவிட்டார்கள், வாய்மொழித் தேர்வை இங்கேயே நடத்திவிடலாம் என்றார். ராமாநுஜாச்சாரி கடிகாரத்தைப் பார்த்தார். விதியில் ஐந்து கேள்வி கேட்கவேண்டும் என்றுதான் இருக்கிறது. எங்கே வைத்துக் கேட்கவேண்டும் என்று இல்லை. சம்மதித்தார். முதல் கேள்வியை ஏற்கெனவே கேட்டாகிவிட்டது என்றும் சொன்னார்.

ஆகவே முதல் பதில், கடலில் உட்கார்ந்ததால் நனைந்தேன் என்பது. ஏன் உட்கார்ந்தீர் என்பது இரண்டாவது கேள்வியாக வந்திருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். ஆனால் பொய் சொல்லத் தெரியாத அந்த முகத்தைப் பார்த்த பரிட்சகர் ஏனோ அதை விட்டுவிட்டு, பாடத்தில் ஆயத்தப் படி எதற்கு என்று கேட்டார். கேட்காமலே மோர் ஊற்றப்படும் வீட்டில் அது தேவையில்லை என்று சிவனணைந்தபெருமாள் சொன்னார். தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். ராமாநுஜாச்சாரி மட்டும் விளக்கம் கேட்டு, கேட்டதும் சிரித்து, சிரித்ததில் இருமினார்.

வகுப்பில் ஒரு பையன் தூங்கினால் என்ன செய்வீர் என்பது மூன்றாவது. முதலில் என் குரல் எப்படி இருக்கிறது என்று நானே கேட்டுப் பார்ப்பேன் என்றார். கரும்பலகை எவ்வளவு உயரத்தில் இருக்கவேண்டும் என்பது நாலாவது. கடைசிப் பெஞ்சுப் பையன் முன்னால் இருப்பவன் தலையைத் திட்டாத உயரத்தில் என்றார். பல்லெல்லாம் குளிரில் தந்தியடித்தது. ஆனால் பயம் எங்கோ போய்விட்டிருந்தது. கடலுக்குள் போய்விட்டு வந்தவருக்கு ஜன்னலோரத்தில் கம்பளித் துண்டு சுற்றிய ஒரு மனிதர் பெரிதாகத் தெரியவில்லை.

கார்டு பச்சைக் கொடியை எடுத்தார். ராமாநுஜாச்சாரி ஐந்தாவது கேள்வியைக் கேட்டார். “உமக்குப் பதில் தெரியாத ஒரு கேள்வியை ஒரு பையன் கேட்டால் என்ன செய்வீர்?”

வண்டி நகர்ந்தது. சிவனணைந்தபெருமாள் கூடவே நடந்தார். “தெரியாது என்று அவனிடமே சொல்லுவேன் ஐயா” என்றார். வண்டி வேகமெடுத்தது, அவரும் ஓடினார். ஜன்னலிலிருந்து தலை நீண்டது. “அதற்கப்புறம்?” என்றது தலை. “அதற்கப்புறம்…” என்றார் இவர். பிளாட்பாரம் முடிந்துவிட்டது.

சித்திரை கடைசியில் முடிவு வந்தது. தேறியிருந்தார். வேலை நிரந்தரமாயிற்று. சுந்தர்சிங் அவராகவே வந்து கையைக் குலுக்கி, ஜன்னல் நல்ல ஜன்னல், விட்டுவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, ஓர் ஓலைக் கொட்டான் நிறையக் கருப்பட்டியும் கொடுத்துப் போனார். அவருக்குச் சாத்தான்குளம் பக்கத்தில் இடம் கிடைத்தது. கயித்தான் மட்டும் தன் கூலியை விடவில்லை. மேலே கொண்டுவந்ததில் ஒன்று தனக்குச் சேரவேண்டும் என்றார். கொண்டுவந்தது ஐந்து கேள்விகள்தானே என்று சிவனணைந்தபெருமாள் கணக்காக எல்லாவற்றையும் அவர் முன் சொன்னார். அவர் தூங்குகிற பையனை எடுத்துக்கொண்டார். அதன்பின் கிட்டங்கிக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்பார். பெரும்பாலும் யாராவது அவரைத் தட்டி எழுப்பிய பிறகு.

சிவனணைந்தபெருமாள் அதற்குப் பிறகு ஆறு வருஷம் பாடம் நடத்தினார். ஒருமுறை ஒரு பையன், கடலுக்கு உப்பு வருவது ஆற்றிலிருந்து என்றால் ஆறு ஏன் கரிக்கவில்லை என்று கேட்டான். தெரியாது என்று வகுப்பு முன்னாலேயே சொன்னார். வகுப்பு சிரித்தது; அவரும் சிரித்தார். மறுநாள் அவனையும் இன்னும் சிலரையும் கூட்டிக்கொண்டு உப்பளத்துக்குப் போனார். முழங்கால் வரை வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு பாத்திக்குள் இறங்கினார். இதைக் கேள்விப்பட்ட சண்முகவடிவு, உப்புப் பட்ட வேட்டியைத் துவைக்கிறவளுக்குத்தான் தெரியும் என்று மட்டும் சொன்னாள்.

ஆனால் பரிட்சகரிடம் தான் பாதியில் விட்ட பதில் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. மார்க் வாங்கியாகிவிட்டது; பதில் கொடுக்கவில்லை. இது சரியில்லை என்று மனைவியிடம் சொல்லுவார். அதான் பாஸாயிட்டீங்களே என்பாள் அவள். 1947இல் திருநெல்வேலியில் நடந்த ஆசிரியர் மாநாட்டில் ராமாநுஜாச்சாரியைப் பார்த்தார். அவர் அடையாளம் கண்டுகொண்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, தோளைத் தொட்டு ஈரமாக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு, “ம், அதற்கப்புறம்?” என்றார். சிவனணைந்தபெருமாள் தொண்டையைச் செருமிக்கொண்டார். அதற்குள் குரூப் போட்டோவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பெரியவரை முன் வரிசை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். இவரைப் பின்னால் பெஞ்சின் மேல் ஏற்றினார்கள். மதுரைக்கு ஒருநாள் நேரில் வந்து சொல்லுகிறேன் என்று இறங்கும்போது சொன்னார். தீபாவளி லீவில் போகலாம் என்றிருந்தார். பிறகு கோடை லீவு என்றார். இந்த வருஷம் கிறிஸ்துமஸ் லீவு என்றிருந்தார்.

ராமாநுஜாச்சாரி பதினாறாம் நாள் காரியத்துக்கு மதுரையிலிருந்து வந்திருந்தார். சண்முகவடிவு அவருக்கு, கேட்காமலே, மோர் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடித்துவிட்டு எழுந்தார். போகும்போது, அதற்கப்புறம் என்னவென்று உங்களிடம் ஏதாவது சொல்லியிருக்கிறாரா அம்மா என்று கேட்டார். இல்லை என்றாள்.

ஐந்தாவது கேள்விக்கு அவர் முழு மார்க் போட்டிருந்தார். பதிலில் ஒரு வாக்கியம்தான் சொல்லப்பட்டிருக்கிறது.